ஒரு ராத்தலும் ஓர் அணாவும்: தாது வருஷத்து நிவாரணக் கணக்கு

சோற்றை அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால் எங்கள் அம்மிச்சி திட்டும்: "தாது வருசத்துப் பஞ்சத்துல அடிபட்டவனாட்ட ஏங்கண்ணு இப்புடி அள்ளித் திங்கற?" தாது வருஷம் எது, அந்தப் பஞ்சம் எது என்று அப்போது நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அம்மிச்சிக்குத் தெரிந்திருக்காது. அது பிறப்பதற்குப் பல வருஷம் முன்னாடியே முடிந்துபோன பஞ்சம். பேர் மட்டும் வாயில் தங்கிவிட்டது.

அந்தப் பேர் மறுபடி ஞாபகம் வந்தது 2020 ஏப்ரலில், திருப்பூரில். ஊரடங்கு போட்டு மூன்று வாரம். பனியன் கம்பெனிகள் மூடிக்கிடக்க, ஒரே அறையில் ஆறேழு பேராக வடமாநிலத் தொழிலாளிகள் முடங்கிக் கிடந்தார்கள். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து மளிகைப் பை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பணம் கொடுத்த இடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் முக்கியமான கட்டம் இரண்டு: 'மொத்தப் பயனாளிகள்', 'ஒரு பயனாளிக்கு ஆன செலவு'. இரண்டாவது எண் பெரிதாக இருக்கிறதே, குறைக்க முடியாதா என்று கேட்டார்கள். குறைத்தோம். ரொம்ப சுலபம். பத்துக் கிலோ அரிசியை ஐந்தாக்கினோம், பருப்பைப் பாதியாக்கினோம். ஒரே நாளில் பயனாளிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆளுக்கு ஆன செலவு பாதி. அந்த ஷீட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் பை கொடுக்கப் போன ஒரு அறையில் பீகார்ப் பையன் ஒருவன் மரியாதையாகச் சொன்னான்: "அண்ணா, அரிசி போன தடவையே கொஞ்சம் மிச்சம் இருக்கு. கேஸ்தான் தீர்ந்துபோச்சு." நாங்கள் கொடுத்த அரிசி மூலையில் அப்படியே இருந்தது. எங்கள் கணக்கில் அவன் இரண்டு தடவை 'பயனாளி'.

இந்தக் கணக்கை எங்களுக்கு முன்னால் யார் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அம்மிச்சியின் தாது வருஷம்.

மழை பொய்த்த வருஷம்

தமிழ் வருஷக் கணக்கில் தாது என்பது 1876 சித்திரையில் தொடங்கி 1877 பங்குனியில் முடிகிறது. 1876இல் மழை பொய்த்தது. 1877இல் தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கடப்பா, கர்நூல் தொடங்கி சேலம், கோயம்புத்தூர் வரை பஞ்சம் பரவியது. அக்கம்பக்கத்து மைசூரும் பம்பாய் தக்காணமும் சேர்ந்தே வாடின.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆற்றுப் பாசனம் நொய்யல், பவானி, அமராவதிக் கரையோரத்துக்குத்தான். மற்றதெல்லாம் கிணறும் மானாவாரியும். சோளமும் கம்பும் ராகியும்தான் சாப்பாடு. கிணற்றுத் தண்ணீரை இறைக்கக் கவலை வேண்டும். கவலை இழுக்க எருது வேண்டும். எருதுக்குத் தீவனம் வேண்டும். மழை போனால் முதலில் தீவனம் போகும், பிறகு எருது, பிறகு கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் இருந்தாலும் இறைக்க ஆளில்லை. பஞ்சம் இங்கே அப்படிச் சங்கிலியாக வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை 1862லேயே முடிந்துவிட்டது. ஆக, தானியம் வந்துசேர வழி இல்லாமல் இல்லை. வாங்கக் காசுதான் இல்லை. பயிர் போனால் பண்ணையாளுக்குக் கூலி போகிறது. கிராமத்தில் காசு ஓட்டம் நின்றால் நெசவாளியின் துணியை யார் வாங்குவது? பஞ்சம் என்பது பல நேரம் உணவு இல்லாமல் போவதல்ல, உணவை வாங்கும் சக்தி இல்லாமல் போவது என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதினார். கொங்குக் கிராமங்கள் அதை நூறு வருஷம் முன்னாடியே அனுபவித்துவிட்டன.

பீகாரில் வாங்கிய கெட்ட பேர்

நம் கதையின் முக்கிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவரைக் கொடுங்கோலன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள்தான் நிவாரணத்தை நடத்தினார். பர்மாவிலிருந்து சுமார் 4 கோடி ரூபாய் செலவில் 4.5 லட்சம் டன் அரிசி இறக்குமதி ஆயிற்று. நிவாரண ஏற்பாட்டுக்கு இன்னொரு 2.25 கோடி. பட்டினிச் சாவு மிக மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இந்தியப் பஞ்சங்களில் அரசாங்கம் ஜெயித்தது என்று சொல்லத்தக்க அபூர்வமான ஒன்று அது.

கிடைத்த பரிசு? கண்டனம். கடைசியில் சுமார் ஒரு லட்சம் டன் அரிசி மிஞ்சிப்போயிற்று. வீண்செலவு என்றார்கள். மக்களை உயிரோடு வைத்திருப்பது அரசாங்கத்தின் கடமை என்ற எண்ணத்தை இந்தியர்களுக்கு ஊட்டிவிட்டார்கள் என்று லண்டன் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகை குறைபட்டுக்கொண்டது.

கவனியுங்கள்: பீகாரில் அப்போதே நிவாரணத்தை அளக்க ஓர் அலகு இருந்தது. 'ஓர் ஆளுக்கு ஒரு நாள்' என்பது ஓர் அலகு. அப்படி 30 கோடி அலகுகள் கொடுத்ததாகக் கணக்கு. ஏற்பாட்டுச் செலவான 2.25 கோடி ரூபாயை 30 கோடியால் வகுத்தால் ஆளுக்கு, நாளைக்கு ஓர் அணாவுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அரிசி விலையையும் சேர்த்தால் மூன்றே கால் அணா சுமார். இன்றைக்கு உதவி நிறுவனங்கள் போடும் 'ஒரு பயனாளிக்கு ஆன செலவு' என்ற கட்டத்தின் கொள்ளுத்தாத்தா இது. அலகில் தப்பில்லை. அந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் எல்லாம்.

டெம்பிள் வந்த முடிவு: அடுத்த தடவை செலவாளி என்ற பேர் வாங்கக் கூடாது.

டெம்பிள் கூலி

1876 கடைசியில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசு தானியம் வாங்க ஆரம்பித்தது. மேலிருந்து ஆட்சேபம் வந்தது. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது. நிவாரண வேலைக்கு வரும் கூட்டம் லட்சக்கணக்கில் ஏறியது. 1877 ஜனவரி 1ஆம் தேதி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை டெல்லியில் நடத்திக்கொண்டிருந்த வைஸ்ராய் லிட்டன், அதே மாதம் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். உத்தரவின் சாரம்: உயிரைக் காப்பாற்று, ஆனால் செலவைக் கட்டுப்படுத்து.

டெம்பிள் நிர்ணயித்த கூலி: நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் இன்னும் கொஞ்சம் குறைவு. ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். ஓர் அணா ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. உப்பு, மிளகாய், விறகு எல்லாம் பஞ்ச விலையில் அதற்குள் அடங்க வேண்டும். கூலி கட்டுபடியாகாதவன் வரமாட்டான், உண்மையிலேயே வழியில்லாதவன் மட்டும் வருவான் என்பது தர்க்கம். ஊருக்குப் பக்கத்து சில்லறை வேலைகளைக் குறைத்து, தூரத்தில் நடக்கும் பெரிய வேலைகளுக்கு ஆட்களை அனுப்புவதும் அதே தர்க்கம்தான். டெம்பிளின் சுற்றுப்பயணத்தில் ஐந்து லட்சம் பேர் நிவாரண வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் எழுதுகிறார். பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலிக்கு வேலை செய்ய மாட்டோம் என்று தொழிலாளிகள் கூட்டமாக வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று மனு எழுதியது.

டாக்டர் கார்னிஷ் போட்ட கணக்கு

எதிர்த்தவர் அதே அரசாங்கத்து ஆள்: சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிக்கு என்ன கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதையெல்லாம் 1860களிலிருந்தே ஆராய்ந்து வந்தவர். அவர் வாதம் எளிமையானது. உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியம் குறைந்தபட்சம். அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும். சிறைக் கைதிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு ஒருவனால் நாள் முழுக்க மண் சுமக்க முடியாது.

டெம்பிளுக்கு அது நிரூபணம் ஆகாத மருத்துவக் கருத்து. அவர் தன் கூலியை ஒரு பரிசோதனை என்றார். முகாம்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். கார்னிஷ் முகாம்களுக்குப் போய் எலும்பும் தோலுமாக நின்றவர்களைப் பார்த்தார், சாவை எண்ணினார். இரண்டு பேரும் ஒரே ஜனத்தைத்தான் பார்த்தார்கள்.

சில மாதம் கழித்துச் சென்னை அரசு பாதி வழி இறங்கிவந்தது. தானியம் ஒன்றேகால் ராத்தல் ஆயிற்று, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டேவிஸ் கணக்கில் டெம்பிள் கூலியின் உணவு ஒரு நாளைக்கு 1,627 கலோரி. இன்றைக்கு உலக நிவாரண நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேடு, குழந்தை, கிழவர் எல்லாரையும் சேர்த்துச் சராசரியாகத் திட்டமிடச் சொல்லும் அளவு 2,100 கலோரி. அதுவும் மண் வெட்டாமல் லேசான வேலை மட்டும் செய்பவருக்கு.

வகுக்கும் எண்

இந்தச் சண்டையை இரக்கமுள்ளவனுக்கும் இரக்கமில்லாதவனுக்கும் நடந்த சண்டையாகப் படிப்பது வழக்கம். எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை. இரண்டு பேருமே பணத்துக்கு என்ன பலன் என்றுதான் கேட்டார்கள். வகுக்கிற எண் வேறு. அவ்வளவுதான்.

டெம்பிள் செலவை 'கூலி வாங்கிய ஆட்கள்' என்ற எண்ணால் வகுத்தார். கார்னிஷ் 'உயிரோடு மிஞ்சிய ஆட்கள்' என்ற எண்ணால் வகுக்கச் சொன்னார். முதல் கணக்கில் உணவைக் குறைக்கக் குறைக்க மதிப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது கணக்கில் அப்படி இல்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் கொடுத்த மொத்தமும் வீண். அரைச் சாப்பாடு அரை உயிரைக் காப்பாற்றாது. மூன்று மாதம் ஒரு ராத்தல் கொடுத்து நான்காம் மாதம் செத்துப்போனவனுக்குச் செலவழித்த பணம், டெம்பிளின் பேரேட்டில் சிக்கனம். கார்னிஷின் பேரேட்டில் முழு நஷ்டம்.

எஞ்சினியரின் கணக்கில் பார்த்தாலும் உதைக்கிறது. தெம்பில்லாத ஆள் வெட்டும் மண் குறையும். கூலியைக் குறைத்தால் ஒரு கன கஜம் மண்ணுக்கு ஆகும் செலவு குறையும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தப்பு இரண்டு வகை. தேவையில்லாதவனுக்குக் கொடுத்துவிடுவது ஒன்று; தேவைப்பட்டவனை விட்டுவிடுவது இன்னொன்று. டெம்பிளின் பேரேட்டில் முதல் தப்புக்குக் கட்டம் உண்டு, ரூபாய் அணா பைசாவில். இரண்டாவது தப்புக்குக் கட்டமே இல்லை. அந்தத் தப்பு நிவாரண இலாகாவின் கணக்கில் வராது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் வரும்.

வந்தது. 1871இல் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஜனத்தொகை 17,63,274. அன்றைய மாவட்டத்தில் ஈரோடு, திருப்பூர், தாராபுரம், கரூர், கொள்ளேகால் எல்லாம் அடக்கம். 1881இல் 16,57,690. பத்து வருஷத்தில் ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு மேல் குறைவு, அதாவது நூற்றுக்கு ஆறு. சேலம் இன்னும் மோசம்: 19,66,995 ஆக இருந்தது 15,99,595 ஆயிற்று. நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல். எல்லாமே சாவு அல்ல. பிறப்பு குறைந்தது, இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்கள் உண்டு, காலராவும் சேர்ந்து அடித்தது. ஆனாலும் நல்ல காலத்தில் எப்படி வளரும் என்று பாருங்கள்: அடுத்த பத்து வருஷத்தில் கோயம்புத்தூர் 20 லட்சத்தைத் தாண்டியது. இந்தப் பஞ்சத்தில் ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

டெம்பிள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பணம் எல்லையில்லாதது அல்ல. பீகாரில் மிஞ்சிய ஒரு லட்சம் டன் அரிசி இன்னொரு பசித்தவனிடம் போய்ச் சேர்ந்திருந்தால் நல்லதுதானே? சிக்கனம் கேட்பது பாவமல்ல. ஆனால் அந்த நியாயம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: இங்கே மிச்சம் பிடித்தது அங்கே பசித்தவனுக்குப் போக வேண்டும். சென்னையில் மிச்சம் பிடித்தது அப்படிப் போகவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு எதிர்காலப் பஞ்சத்துக்கென்று சொல்லிப் புது வரி போட்டுத் திரட்டிய நிதிகூட ஆப்கானியப் போர்ச் செலவு வந்தபோது திசை மாறியது. அன்றைக்கே பெரிய சர்ச்சை அது.

எருது வாங்கக் கொடுத்த பணம்

இதே பஞ்சத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போன வேண்டுகோளை ஏற்று லண்டன் மேயர் மான்ஷன் ஹவுஸ் நிதி திரட்டினார். லட்சக்கணக்கான பவுன் சேர்ந்தது. சென்னையில் குழுவின் செயலாளராக இருந்தவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி. அவர் 1878இல் எழுதிய இரண்டு பாகப் புத்தகம்தான் இந்தப் பஞ்சத்தைப் பற்றி நமக்கு இருக்கும் முக்கியமான சாட்சியம்.

பணம் வந்து சேரும்போது மழையும் வர ஆரம்பித்துவிட்டது. மறுபடி கஞ்சி ஊற்றிக் கணக்குக் காட்டுவது சுலபம். அவர்கள் நிதியில் பெரும் பகுதியை விவசாயிக்கு விதை, ஏர், எருது வாங்கவும், இடிந்த வீட்டுக்குக் கூரை போடவும் கொடுத்தார்கள். முன்னால் சொன்ன சங்கிலியை ஞாபகப்படுத்திப் பாருங்கள்: எருது இல்லாதவனுக்குக் கிணற்றில் தண்ணீர் ஊறி என்ன? ஆளுக்கு ஆன செலவு என்று பார்த்தால் ஒரு எருது ரொம்ப விலை. ஆனால் அடுத்த வெள்ளாமை வந்துவிட்டால் அந்த வீடு நிவாரணப் பட்டியலிலேயே இருக்காது.

1880இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. 1883இல் பஞ்சச் சட்டத்தொகுப்பு. விலை ஏற்றம், ஊரைவிட்டு அலைவது, திருட்டு கூடுவது போன்ற அறிகுறிகளை வைத்து முன்கூட்டியே தயாராவது, வேலை செய்ய முடியாதவர்களுக்கு இலவச உதவி, உடம்பு தாங்கும் அளவுக்குக் கூலி என்பதெல்லாம் அதில் எழுத்தில் ஏறின. பாதி கார்னிஷ், பாதி டெம்பிள். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் எழுதிய எஃப்.ஏ. நிக்கல்சன், 1890களில் விவசாயக் கடன் பற்றி எழுதிய அறிக்கைகள் 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடித்தளம் ஆயின. எருது செத்தவன் கந்துவட்டிக்காரனிடம் போகாமல் இருக்க வழி தேடியதும் ஒரு வகையில் பஞ்ச நிவாரணம்தான்.

நான்கு கேள்விகள்

2011இல் பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறை, உதவிப் பணத்தின் மதிப்பை அளக்க மூன்று கேள்விகளை வகுத்துக் கொடுத்தது. வாங்கிய பொருள் சரியான விலையா? அதை வைத்து எவ்வளவு வேலை நடந்தது? அதனால் ஜனங்களுக்கு என்ன ஆயிற்று? சிக்கனம், திறன், பயன். பிறகு நான்காவதாக, யார் விட்டுப்போனார்கள் என்ற சமத்துவக் கேள்வியும் சேர்ந்தது. டெம்பிள் முதல் இரண்டு கேள்வியோடு நின்றுவிட்டார். கார்னிஷ் மூன்றாவதைக் கேட்டார். நான்காவதைக் கேட்டது 1881 கணக்கெடுப்பு, ரொம்பத் தாமதமாக.

கேள்வி நான்கு இருந்தாலும் படிவத்தில் முதலில் நிரம்புவது முதல் கட்டம்தான், ஏன்னா அதற்கு ரசீது இருக்கிறது. நான்கு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், உணவுக்குப் பதில் பணமாகக் கொடுத்திருந்தால் அதே செலவில் 18 சதவீதம் கூடுதல் பேருக்கு உதவியிருக்கலாம் என்று கண்டார்கள். நல்ல கண்டுபிடிப்பு. நானும் பணம் கொடுப்பதன் பக்கம்தான். ஆனால் அது எத்தனை பேருக்குப் போயிற்று என்ற கணக்கு. அந்தப் பணம் போன வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.

அந்தத் திருப்பூர் ஷீட் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. கேஸ் தீர்ந்துபோச்சு என்று அந்தப் பையன் சொன்ன பிறகு, 'எத்தனை நாள் சமைத்தார்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்ப ஒவ்வொரு அறையாக மறுபடி போய்க் கேட்க வேண்டியிருந்தது. நேரம் பிடித்தது, பெட்ரோல் செலவாச்சு, ஆளுக்கு ஆன செலவு ஏறியது. சில அறைகளுக்கு சிலிண்டர், சில அறைகளுக்கு ரீசார்ஜ், சிலருக்கு ஊருக்குப் போக டிக்கெட் என்று கணக்கு கன்னாபின்னாவென்று ஆயிற்று. பயனாளிகள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

பணம் கொடுத்த இடத்தில் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். பதில் சொல்ல ரெண்டு பக்கம் எழுதினேன். இப்போது கேட்டால் கோயம்புத்தூருக்கும் சேலத்துக்கும் 1871, 1881 கணக்கை மட்டும் அனுப்புவேன்.